தாடை எலும்பு கூடிய பிறகு

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் இருசக்கர வாகன விபத்தில் என் கணவருக்குக் கீழ்த்தாடை இரண்டு இடங்களில் முறிந்தது. ஓரிடத்தில் பிளேட் வைத்தார்கள். காதருகே இருந்த முறிவுக்காக மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துச் சில வாரங்கள் கம்பி கட்டினார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாக மருத்துவர் சொல்கிறார். ஆனால் கீழுதடு இன்னும் மரத்தே இருக்கிறது. காபி முகவாயில் வழிவதுகூட அவருக்குத் தெரிவதில்லை. வாயும் முன்போல் திறக்கவில்லை. கல்யாண வீடுகளுக்கு வந்தாலும் பந்தியில் உட்காராமல் மொய் எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறார். இனி இப்படியேதானா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்படியேதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு மட்டுமே. மெல்லுவதும் பேசுவதும் நாலு பேர் நடுவே கூச்சமின்றி உட்காருவதும் அதில் தெரியாது. எலும்பு கூடிய பின்னும் எஞ்சியிருக்கும் இந்தக் குறைகளுக்குச் சிகிச்சை உண்டு என்பதால், அவற்றை மருத்துவரிடம் சொல்லாமல் பொறுத்துக்கொள்வது கூடாது.

கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடி முகவாய் அருகே வெளிவரும் நரம்பு ஒன்றுதான் கீழுதட்டுக்கு உணர்ச்சி தருகிறது. உதட்டை அசைக்கும் நரம்பு வேறு என்பதால், உதடு நன்றாக அசைந்தாலும் மரத்திருக்க முடியும். முறிவில் நசுங்கிய நரம்பு தேறுவதற்குச் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எறும்பு ஊர்வதுபோன்ற குறுகுறுப்பு தொடங்கினால் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. ஐந்து மாதமாகியும் தொடு உணர்ச்சி சிறிதும் திரும்பவில்லையென்றால் மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனெனில் நரம்பு அறுபட்டிருந்தால் அதைச் சீரமைப்பதில் தாமதம் ஆக ஆகப் பலன் குறையும். அதுவரை காபியை ஆற்றிக் குடிக்கட்டும். சூடு தெரியாமல் உதடு வெந்துவிடக்கூடும். கண்ணாடி முன் அமர்ந்து பஞ்சால் உதட்டைத் தொட்டுப் பார்த்துப் பழகுவதும் உதவும்.

வாய் திறப்பதைத்தான் நான் அவசரமாகக் கருதுகிறேன். அவருடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கிடையே வைக்கச் சொல்லுங்கள். பொதுவாக அவ்வளவு திறப்பு இருக்க வேண்டும். இரண்டு விரல்கூடக் கடினம் என்றால், காதருகே உள்ள மூட்டு இறுகி வருகிறதா என்று சிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. மூட்டில் எலும்பு ஒட்டிக்கொள்ளவில்லை என்று உறுதியானால், ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, ஒவ்வொரு குச்சியாகக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியை நாள்தோறும் பலமுறை செய்யச் சொல்வார்கள். ஒட்டியிருந்தால் பயிற்சியால் திறக்காது, அறுவை சிகிச்சைதான் வழி. பற்கள் முன்போல் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதையும் அப்போதே கேளுங்கள். பிளேட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்; டைட்டானியம் பிளேட் தொல்லை தராதவரை உள்ளேயே இருக்கலாம்.

பந்தியைத் தவிர்ப்பதை வெறும் கூச்சம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். முகக் காயத்துக்குப் பின் மனச்சோர்வும், விபத்தை மறுபடி மறுபடி நினைத்து அஞ்சுவதும் பலருக்கும் வருபவை. அவற்றுக்கும் மருந்தும் ஆலோசனையும் உண்டு. தூக்கமின்மை, கெட்ட கனவு, எரிச்சல், சாலையைக் கண்டால் பயம் ஆகியவை இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் உடன் செல்லுங்கள். எதைச் சாப்பிட முடியவில்லை, எந்த இடத்துக்குப் போகத் தயங்குகிறார் என்பதை அவரையே ஒரு தாளில் எழுதி எடுத்துவரச் சொல்லி, எக்ஸ்ரேயோடு அதையும் மருத்துவரிடம் கொடுங்கள்.