வெடிக்காத ரவுண்டை என்ன செய்வது?

கேள்வி: நான் ஆவடிக்காரன். ராணுவத்தில் சேர்ந்து பயிற்சியில் இருக்கிறேன். அடுத்த மாதம் முதல் ஃபயரிங். ரவுண்டு (தோட்டா) வெடிக்காவிட்டால் உடனே காக் செய்து, அதாவது துப்பாக்கியின் கைப்பிடியைப் பின்னால் இழுத்து, வெளியே எடுத்துவிடலாமா? துருப் பிடிக்காமலிருக்க ரவுண்டுக்கு எண்ணெய் தடவலாமா? ஞாபகத்துக்கு, சுட்ட ரவுண்டின் காலிக் கூடு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

பதில்: மூன்றுமே கூடாது. முதலாவது உயிர் சம்பந்தப்பட்டது.

ட்ரிகரை அழுத்துகிறீர்கள், 'க்ளிக்' மட்டும் கேட்கிறது. ரவுண்டின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் பற்றாமலே போயிருக்கலாம். அல்லது பற்றிய நெருப்பு உள்ளே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கலாம், இதுதான் ஹேங்ஃபயர். வெளியிலிருந்து பார்த்தால் எது என்று தெரியாது. அவசரப்பட்டு காக்கிங் ஹேண்டிலை இழுத்து, அந்த நேரத்தில் ரவுண்டு வெடித்தால், பித்தளைக் கூட்டைத் தாங்கிப் பிடிக்க சேம்பர் (குழலில் ரவுண்டு உட்காரும் அறை) சுவர் இருக்காது. கூடு கிழிந்து, துணுக்குகள் கண்ணிலும் கையிலும் பாயும்.

ஆகவே குழல் டார்கெட்டைப் பார்த்தபடியே இருக்கட்டும். விரலை ட்ரிகரிலிருந்து எடுங்கள். படுத்த நிலையிலேயே கையைத் தூக்கிச் சொல்லுங்கள். குறைந்தது 30 வினாடி பொறுங்கள். பிறகும் உஸ்தாத் (பயிற்சி தருபவர்) சொன்னால்தான் காக் செய்ய வேண்டும். புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, "வெடிக்கல உஸ்தாத்" என்று உடம்போடு திரும்புவது. ஆள் திரும்பினால் குழலும் திரும்பும். வெளியே வந்த ரவுண்டை மறுபடி மேகசினில் போடாமல் தனியாக ஒப்படையுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. சத்தம் 'பொத்'தென்று மட்டமாக வந்து, உதைப்பும் குறைவாக இருந்தால், புல்லட் (ரவுண்டின் முனையிலிருந்து பாயும் குண்டு) குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்த ரவுண்டைச் சுட்டால் குழல் உப்பும், வெடிக்கவும் கூடும். சுடுவதை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

எண்ணெய் விஷயம். சுடும்போது கூடு விரிந்து சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ளும். அழுத்தத்தில் ஒரு பங்கைச் சுவர் வாங்கிக்கொள்ளும். எண்ணெய்ப் படலம் இருந்தால் பிடிப்பு வழுக்கி, சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மேல் சுமை கூடும். மணலும் ஒட்டும், எண்ணெய் பிரைமருக்குள் கசியவும் கூடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பச்சை பூத்தது, நசுங்கியது, புல்லட் ஆடுவது அல்லது உள்ளே அமுங்கியது, இவற்றை நீங்களே சரிசெய்யப் பார்க்காதீர்கள். அமுங்கிய புல்லட்டால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் எகிறும்.

கத்திரி வெயிலில் சென்னையில் நிற்கும் வண்டிக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தவருக்கு அடுத்தது புரியும்: ரவுண்டுப் பெட்டிகளுக்கு நிழல் வேண்டும். வெடிமருந்து சூடேறினால் சுடும்போது அழுத்தம் கூடும். நாள்பட்ட சூட்டில் மருந்தே கெடும். கடற்காற்று ஈரத்துக்காகப் பெட்டியைத் தரையில் வைக்காமல் மரக்கட்டை மேல் வையுங்கள்.

காலிக் கூட்டுக்கு வருவோம். ராணுவத்தில் அதை 'கோகா' என்பார்கள். கொடுத்த ரவுண்டும் திரும்பிய கோகாவும் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லாரும் புல்லில் தேட வேண்டியதுதான். அதைவிட மோசம், பவுச்சில் தங்கிவிடும், சுடாத, உயிருள்ள ரவுண்டு. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சி.ஐ.எஸ்.எஃப். பாதுகாப்புப் படையின் எக்ஸ்ரேயில் அது தெரிந்தால் பயணம் நிற்கும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்கு வரை போகலாம். லீவுக்குக் கிளம்பும் முன் பவுச், பாக்கெட், பை எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். ஏதாவது கிடைத்தால் குப்பையில் எறியாமல் கோத்தில் (ஆயுத அறையில்) ஒப்படையுங்கள்.