மணிலாவில் ‘போ’ என்றால் மரியாதை

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாக பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் ஐந்து நாள் இருந்தேன். எங்கு பார்த்தாலும் தலை. மூச்சு முட்டியது. இன்ட்ராமுரோஸ் கோட்டைக்குள் நடந்தபோதுதான் கொஞ்சம் அமைதி. இத்தனை பேர் ஏன் அங்கேயே முட்டிமோதுகிறார்கள், சொந்த ஊருக்குப் போகக்கூடாதா? கல்லறைத் தோட்டத்தில்கூட குடித்தனம் இருக்கிறார்களாமே? அந்த நகரத்தைப் பற்றி ஒரு அறிமுகம் எழுதுவீர்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கல்லறை விஷயம் உண்மைதான். சமாதிகளைப் பராமரிப்பதே அங்கே பலருக்குப் பிழைப்பு. படம் எடுக்கப் போய் நிற்காதீர்கள். அறிமுகத்துக்கு ஒரு வரி போதும்: 2020 கணக்கெடுப்பில் மணிலா நகரத்தில் 18 லட்சத்து 46 ஆயிரம் பேர், இடமோ சுமார் 43 சதுர கிலோமீட்டர்.

என்னைக் குத்தியது உங்கள் ‘அமைதி’. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் கையிலிருந்த மணிலாவை மீட்க அமெரிக்கர் வந்தார்கள். 1945 பிப்ரவரியில் ஜப்பானியப் படை ஆட்களைக் கொன்று குவித்தது, அமெரிக்க பீரங்கி வீடுகளைத் தகர்த்தது. சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். கோட்டைக்குள் உருப்படியாக மிஞ்சிய தேவாலயம் சான் அகுஸ்தின் ஒன்றுதான். அப்புறம் வீடிழந்தவர்கள் அந்த இடிபாடுகளில் குடிசை போட்டார்கள். 1963 வாக்கில் அவர்களைக் கிளப்பி, புலக்கான் மாகாணத்து சாப்பாங் பாலாயில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே நிலம் இருந்தது, வேலை இல்லை. துறைமுகமும் சந்தையும் மணிலாவில்தானே? பலர் திரும்பி வந்துவிட்டார்கள். வராமல் என்ன செய்வார்கள்? தினக்கூலிக்காரர் தூரத்தில் குடியிருந்தால் கூலியில் ஒரு பங்கு வண்டிக்கே போய்விடும். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ‘போகக்கூடாதா’ என்று கேட்பது சுலபம், ஆர்.

இன்னொன்று. 1762ல் மணிலாவைப் பிடித்த பிரிட்டிஷ் படை மதராஸிலிருந்து கப்பலேறியது. 1764ல் அது கிளம்பியபோது அதிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் சிலர் கூடப் போகவில்லை. நகரத்துக்குக் கிழக்கே கைந்தாவில் கல்யாணம் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். அவர்கள் வம்சத்திடம் போய்ச் சொல்லுங்கள், சொந்த ஊருக்குப் போகச் சொல்லி.

நான் மணிலா போன முதல் நாள் கியாப்போ பகுதியில் ஜீப்னி ஏறினேன். அது அந்த ஊர் ஷேர் வண்டி. எதிரெதிராக இரண்டு நீள பெஞ்சு, முழங்காலோடு முழங்கால் இடிக்கும். நான் பின்வாசலிலிருந்து இரண்டாவது ஆள். டிரைவர் எங்கோ முன்னால். வாசல் ஓரம் இருந்த பக்கத்து அம்மாள் என் உள்ளங்கையில் நாணயங்களை வைத்து, “பாயட் போ” என்றார். எங்கே போகச் சொல்கிறார் என்று முழித்தேன். ‘பாயட்’ கட்டணம், ‘போ’ நம் ‘ங்க’ மாதிரி மரியாதைச் சொல் என்று அப்புறம்தான் தெரிந்தது. எதிரே இருந்த பையன் என் கையிலிருந்து காசை எடுத்து முன்னால் கொடுத்தான். ஆறு கை மாறி டிரைவரிடம் போனது. மீதிச் சில்லறை அதே ஆறு கை வழியாக அந்த அம்மாளிடம் வந்தது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த முறை கம்பெனி கார் வேண்டாம், ஜீப்னியில் ஏறுங்கள். சில்லறை மட்டும் மறக்காதீர்கள். காலை வேளையில் பெரிய நோட்டை நீட்டினால் டிரைவர் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பார். அதில் ‘போ’ இருக்காது.