வாசகர் கேள்வி – பதில்: ஆபத்து நேரத்தில் யார் எந்தக் குழந்தையைத் தூக்குவது?

மழைக்காலம் நெருங்குவதால் இந்த முறை குழந்தைகள் காப்பகம், பால்வாடி பற்றிய கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. அங்கன்வாடி மேற்பார்வையாளராக இருந்தவள் என்பதால் இவை என் மனசுக்கு நெருக்கமான விஷயம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் காப்பகம் நடத்துகிறேன். பதினெட்டுக் குழந்தைகள், அதில் ஐந்து பேர் இன்னும் நடக்காதவர்கள். பார்த்துக்கொள்ள நானும் உதவிக்கு ஒரு அக்காவும். அவசரகாலத் திட்டம் ஒன்று எழுதி வைக்கச் சொல்கிறார்கள். மாதிரிப் படிவம் ஒன்று கிடைத்திருக்கிறது, அதில் எங்கள் பெயரைப் போட்டு வைத்தால் போதுமா அக்கா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது தங்கச்சி. அந்தப் படிவத்தில் 'பணியாளர்கள் குழந்தைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்வார்கள்' என்று ஒரு வரி இருக்கும், எல்லாப் படிவத்திலும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த வரி நடக்குமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். படிக்கட்டில் இறங்கும்போது ஒரு கை கைப்பிடியைப் பிடிக்க வேண்டும், மறு கையில் ஒரு குழந்தை. துணிந்து கைப்பிடியை விட்டாலும் ஆளுக்கு இரண்டு. ஆக முதல் நடையில் நான்கு பேர் கீழே வருவார்கள், ஐந்தாவது குழந்தை மேலேயே இருக்கும், நடக்கத் தெரிந்த பதின்மூன்று பேரும் புகையில் அழுதுகொண்டு கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் போய் ஒளிவார்கள். சின்னக் குழந்தை பயந்தால் வெளியே ஓடாது, ஒளியும், இதைக் குழந்தை பார்க்கும் எல்லாருக்கும் தெரியும்.

உங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2004 ஜூலை 16, காசிராமன் தெருப் பள்ளியில் தீ, 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது, மாடியில் சின்ன வகுப்புகள், இறங்கக் குறுகலான படிக்கட்டு. அதற்குப் பிறகு பள்ளிகளின் கீற்றுக் கூரைகளைப் பிரித்துவிட்டோம், சரி. குறுகலான படிக்கட்டும் பூட்டிய கதவும் இன்னும் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் முதல் வேலை, குழந்தைகளைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் வீடுதானே, நீங்கள் மாடிக்குப் போங்கள். நடக்காத ஐந்து பேரும் வாசலுக்கு மிக அருகில் உள்ள அறையில் தூங்கட்டும். சத்தம் கேட்காத கடைசி அறைதான் தூளி கட்ட நல்லது என்று தோன்றும், ஆனால் ஆபத்தில் அந்த அறைக்குத்தான் கடைசியாகப் போய்ச் சேருவீர்கள்.

அடுத்து கிரில் கேட். குழந்தை தெருவுக்கு ஓடிவிடக் கூடாது என்று பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது நம் பக்கத்தில் எல்லா வீட்டுப் பழக்கம். அந்தப் பயம் நியாயமானதுதான், வெளியே ரோடு இருக்கிறது, குளம் இருக்கிறது. ஆனால் சாவி வைத்திருப்பவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வது? காப்பகம் நடக்கும் நேரத்தில் பூட்டே வேண்டாம். பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள், கேட்டில் ஒரு மணியைக் கட்டுங்கள், யார் திறந்தாலும் சத்தம் கேட்கும். பின்பக்கக் கதவுக்கும் இதே ஏற்பாடு. அந்தக் கதவுக்கு முன்னால் அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும் நிற்கிறதா என்று இப்போதே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

கை பற்றாது என்று தெரிந்துவிட்டது, ஆகவே கையைச் சேர்க்க வேண்டும். எதிர்வீட்டு அம்மா, பக்கத்துத் தையல் கடைக்காரர், பகலில் கட்டாயம் இருக்கும் இரண்டு மூன்று பேரை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துப் பேசுங்கள். விசில் நீளமாகக் கேட்டால் ஓடி வர வேண்டும், வந்து நேராகத் தூளி அறைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். யார் எந்தக் குழந்தையைத் தூக்குவது என்று பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 'ஒரு பணியாளர்' என்று எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள், அவர் லீவு போட்டால் அவருக்குப் பதில் யார் என்பதையும் எழுதுங்கள்.

வெளியே வந்ததும் எங்கே நிற்பது? தீயணைப்பு வண்டி வந்து திரும்பும் இடத்தில் நிற்கக் கூடாது, கரண்ட் கம்பிக்கு அடியில் கூடாது. கோவில் திடல், நெல் களம், பெரிய திண்ணை, ஏதாவது ஒன்று. அங்கே போனதும் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தலை எண்ணுங்கள். பதிவேடு கையில் இல்லாவிட்டால் அன்றைக்கு வந்தது பதினேழா பதினெட்டா என்று யாருக்கும் நிச்சயமாகச் சொல்ல வராது, உள்ளே குழந்தை இருக்கிறதா என்று தெரியாமல் யாராவது திரும்பவும் தீக்குள் ஓடுவார்கள். காலையில் வந்த குழந்தையை அப்போதே எழுதுங்கள், மதியம் பாட்டி வந்து கூட்டிப் போனால் அதையும் அப்போதே. அந்தப் பதிவேடு வாசலோரம் தொங்கும் பையில்தான் இருக்க வேண்டும். அதே பையில் பெற்றோர் நம்பர் எழுதிய தாள், டார்ச், விசில், தண்ணீர், பிஸ்கட், உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி, மாற்றுத் துணி, வலிப்பு வரும் பிள்ளையின் மருந்து.

சமையலறை பற்றியும் சொல்ல வேண்டும். சிலிண்டர் குழந்தைகள் இருக்கும் அறைக்குள் வேண்டாம். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், குழந்தைகளோடு வெளியே வந்த பிறகு 1906-ஐக் கூப்பிடுங்கள். தீயணைப்பான் வாங்கினால் அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். சமையலுக்கு இருக்கும் அக்காவுக்கும் அதை அழுத்தத் தெரிய வேண்டும். உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் வந்து செய்துகாட்டுவார்கள், அதிலும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம், அந்த நாட்களில் அவர்களே ஊர் ஊராகச் செய்முறை காட்டுவதுண்டு. கட்டட உறுதி, சுகாதாரம், தீயணைப்புச் சான்றுகளையும் வாங்குங்கள், அதில் சாக்கு வேண்டாம்.

கேள்வி: கடலோரக் கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். நானும் உதவியாளரும் மட்டும்தான். புயல், கனமழை என்றால் எந்த நேரத்தில் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. அனுப்பினாலும் வீட்டில் ஆள் இருக்காது, எல்லாரும் வயலுக்கோ மீனுக்கோ போயிருப்பார்கள்.
– வாசகி, வேதாரண்யம் பக்கம்

பதில்: உங்கள் கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. மழை கொட்டும் நேரத்தில் 'வீட்டுக்குப் போ' என்று பிள்ளையை அனுப்புவது பாதுகாப்பு இல்லை. கையில் ஒப்படைக்க ஒரு பெரியவர் வரும்வரை குழந்தை உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

நடவு, களை, அறுவடை நாட்களில் தாய்மார்கள் வெயில் ஏறுமுன்பே கிளம்பிவிடுவார்கள், மாவட்ட ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பு அதற்குப் பிறகுதான் டிவியில் வரும். அதனால் பிள்ளை நிற்க இடமில்லாமல் மூத்த அக்காவோடு, அதுவும் எட்டு வயது அக்காவோடு, வீட்டில் இருக்கும். இதை மழைக்கு முன்பே தாய்மார் கூட்டத்தில் பேசி முடிக்க வேண்டும். விடுமுறை அன்று எந்த வீட்டில் எந்தப் பாட்டியிடம் எந்தப் பிள்ளை, அம்மா அப்பா தவிர வேறு யார் வந்தால் குழந்தையைக் கொடுக்கலாம், இரண்டு பெயர், அவர்கள் நம்பர். தெரிந்த முகம் என்பதற்காக மட்டும் கொடுக்காதீர்கள், குழப்பமான நேரத்தில் அது ரொம்ப முக்கியம். குழந்தையைக் காணவில்லை, யாரோ கூட்டிப் போய்விட்டார்கள் என்றால் 1098.

போனை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் கரையைக் கடந்தபோது உங்கள் பக்கத்தில் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும், கம்பம் சாய்ந்தது, டவர் நின்றது, கரண்ட் வரப் பல நாள் ஆனது. நம்பர் எல்லாம் போனுக்குள் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், ஒரு பிரதி உதவியாளர் வீட்டிலும் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, இவை சுவரிலும் வேண்டும்.

அப்புறம், புயல் பாதுகாப்பு மையம் எது என்று தெரிந்தால் மட்டும் போதாது, அதற்குப் போகிற வழியை மழைநாளை மனசில் வைத்து ஒரு முறை நடந்து பாருங்கள். வழியில் தரைப்பாலம் இருந்தால் முதலில் மூழ்குவது அதுதான். கடலோரத்தில் அதைக் கடக்க வேண்டியிருந்தால் எச்சரிக்கை வந்தவுடனேயே கிளம்ப வேண்டும், தண்ணீர் வரட்டும் பார்க்கலாம் என்பது கூடாது. ஓடுகிற தண்ணீரில் பெரியவர் முழங்கால் அளவே குழந்தைக்கு இடுப்பு, இழுத்துவிடும்.

ஐப்பசி பிறக்கும் முன் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். கூரை மேல் சாய்ந்த தென்னை, ஆணி கழன்ற தகரம், ஈரச் சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டு, விரிசல். வாயால் சொல்லிவிட்டு விடாதீர்கள். தேதி போட்டு ஊராட்சிக்கும் திட்ட அலுவலருக்கும் எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். சத்துமாவு, அரிசி, பருப்பு எல்லாம் தரையில் வேண்டாம், மேலே ஏற்றிவிடுங்கள், வெள்ளம் வடிந்த பிறகு பிள்ளைகளுக்கு முதலில் தேவைப்படுவது சாப்பாடும் கொதிக்கவைத்த தண்ணீரும்தான்.

கேள்வி: எங்கள் பால்வாடிக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருபது அடிகூட இல்லை. சுற்றுச்சுவரும் இல்லை. 'இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல' என்கிறார்கள். நான் அதிகமாகப் பயப்படுகிறேனா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இல்லை தம்பி, நீங்கள் சரியாகத்தான் பயப்படுகிறீர்கள். தீயையும் புயலையும்விட நம் டெல்டாவில் சின்னக் குழந்தைக்கு நாள்தோறும் பக்கத்தில் இருக்கும் ஆபத்து தண்ணீர்தான். அதில் ஒரு கொடுமை என்னவென்றால், சித்திரை வைகாசியில் அதே வாய்க்கால் வறண்டு கிடக்கும், பிள்ளைகள் அதற்குள் இறங்கி மணலில் விளையாடிப் பழகியிருப்பார்கள். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள், கல்லணை தாண்டித் தண்ணீர் உங்கள் கிளை வாய்க்காலுக்கு வரச் சில நாள் ஆகும், ஒரு காலையில் எழுந்து பார்த்தால் விளையாட்டு இடம் முழுக்கத் தண்ணீர். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது இன்னும் தன் விளையாட்டு இடம்தான். ஆகவே தண்ணீர் திறக்கும் தேதி தெரிந்த உடனே வேலி இருக்க வேண்டும். சுவர் கட்ட நிதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், மூங்கில் படல் கட்டலாம், கம்பி வலை போடலாம், ஊரில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு நாள் வேலை. கிராம சபையில் கேட்டுத் தீர்மானமாகவே எழுதவையுங்கள். வளாகத்துக்குள் திறந்த தொட்டி, மூடியில்லாத செப்டிக் டேங்க், தண்ணீர் நிறைந்த அண்டா எதுவும் இருக்கக் கூடாது, ஒரு சாண் தண்ணீர் போதும்.

குழந்தையைக் காணோம் என்றால் முதலில் வாய்க்காலுக்கு ஓடுங்கள், அப்புறம் வீடு வீடாகத் தேடலாம். தூக்கிய பிறகு தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இரண்டும் கூடாது, போகிற ஒவ்வொரு நொடியும் மூச்சுக்கான நொடி. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், கைக்குழந்தை என்றால் வாய் மூக்கு இரண்டையும் சேர்த்து மூடி மெதுவாக. பிறகு நடு நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். பிழைத்து எழுந்து சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். எழுத்தில் படித்து இது கைக்கு வராது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பால்வாடி ஆட்களும் நீங்களும் பொம்மையில் பழகுங்கள்.

கேள்வி: மழை நாளில் காப்பகத்துக்குள் பாம்பு வந்துவிட்டது. யாரையும் கடிக்கவில்லை. கடித்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: குழந்தையை நடக்க விடாமல், கடித்த காலையோ கையையோ அசையாமல் வைத்து, பாம்புக்கடி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது, 'ஒன்றும் இல்லை' என்று விட்டுவிடுவோம், பிறகு இமை தொங்கும். சந்தேகம் என்றாலே போய்விடுங்கள். எந்த மருத்துவமனையில் அந்த மருந்து இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து, 108 எழுதிய அதே தாளில் எழுதுங்கள். பாய், துணிமூட்டைகளைத் தரையில் குவிக்காதீர்கள், காலையில் குழந்தைகள் வருமுன் எல்லாவற்றையும் உதறுங்கள்.

கேள்வி: ஒத்திகை நடத்தினால் குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று பெற்றோர் வேண்டாம் என்கிறார்கள்.
– வாசகி, சீர்காழி

பதில்: தீ, சாவு என்று எதுவும் சொல்லாமலே நடத்தலாம். நீளமான கயிற்றில் இடைவெளி விட்டு முடிச்சுப் போடுங்கள், ஆளுக்கு ஒரு முடிச்சு, விசில் அடித்தால் ரயில் கிளம்புகிறது, களத்து மேட்டில் போய் நிற்கிறது, அங்கே பெயர் கூப்பிட்டால் கை தூக்க வேண்டும். மாதம் ஒரு முறை, சில சமயம் சாப்பாட்டு நேரத்தில், சில சமயம் அவர்கள் தூங்கி எழும் நேரத்தில், ஏனென்றால் ஆபத்து வசதியான நேரம் பார்த்து வருவதில்லை. எவ்வளவு நேரம் ஆனது, யார் பின்தங்கினார்கள், எந்தக் கதவு சிக்கியது என்று எழுதிவையுங்கள், சிக்கிய கதவை அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். பெற்றோரையும் ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு அவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.