‘நீர்’ என்று ஒருவருக்கு, ‘நீ’ என்று இன்னொருவருக்கு

கேள்வி: எங்கள் சபையில் ஆராதனைக்கு வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்கும் பொறுப்பு எனக்கு. தெரிந்தவர்களோ வசதியானவர்களோ வந்தால் என்னை அறியாமலே முகம் மலர்ந்துவிடுகிறது. வயதான ஓர் அம்மா கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்து, ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்பே கிளம்பிவிடுகிறார். மூன்று மாதமாகியும் அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இதுவும் பட்சபாதமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: பட்சபாதம்தான் சகோதரி. வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மை. ஆனாலும் அந்த அம்மாவுக்கு அது ஒன்றுதான்.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 2-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அதில் வருவது நீங்கள் நிற்கிற அதே வாசல். பொன்மோதிரம் போட்டவர் ஒருவர், கந்தை உடுத்திய ஏழை ஒருவர், இரண்டு பேரும் கூட்டத்துக்குள் வருகிறார்கள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முதலாமவருக்குக் கிடைப்பது, “ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்.” அடுத்தவருக்கு, “நீ அங்கே நில்லு.” ஐயாவும் நீரும் ஒருவருக்கு, வெறும் நீ மற்றவருக்கு. இருக்கையைக் காட்டுவதற்கு முன்பே வாய் இடத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. இதை யாக்கோபு பழக்கதோஷம் என்று விட்டுவிடவில்லை, பாவம் என்றே சொல்கிறார் (2:9).

அங்கே பட்சபாதத்துக்கு வருகிற கிரேக்கச் சொல்லைப் பிரித்தால், ‘முகத்தை ஏற்றுக்கொள்வது’ என்று பொருள் வரும். பட்சபாதத்துக்கு நம் வேதாகமத்தில் உள்ள இன்னொரு சொல்லான ‘முகதாட்சிணியம்’ என்பதிலும் அந்த முகம் இருக்கிறது. ஆளைப் பார்க்காமல் முகத்தை, உடையை எடைபோடுவதுதான் குற்றம். நெருங்கிய நண்பர்கள் இருப்பது குற்றமல்ல. இயேசுவும் சில இடங்களுக்குப் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரை மட்டும் அழைத்துப் போனார். ஆனால் வரவேற்பு என்பது நட்பு இல்லையே. வாசலுக்குள் வருகிற எல்லாருக்கும் சேரவேண்டியது அது.

சரி, என்ன செய்வது? முதலில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரம். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள். முறுமுறுப்பு எழுந்தபோது அப்போஸ்தலர்கள் யாரையும் வாயை மூடச் சொல்லவில்லை. பொறுப்பை ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு என்று தொடங்கும் அந்த ஏழு பெயர்களுமே கிரேக்கப் பெயர்கள். பெரும்பாலும் விடுபட்ட தரப்பிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் படிக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உங்கள் வரவேற்புக் குழுவில் கடைசி வரிசைக்காரர் யாராவது இருக்கிறாரா? இல்லையென்றால் போதகரிடம் பேசுங்கள். அங்கே உட்கார்ந்து பழகியவருக்குத்தான் யார் விடுபடுகிறார்கள் என்று தெரியும்.

நானும் சில வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தேன். ஒருநாள் வெளுத்துப்போன சட்டையோடு வந்த ஒருவரிடம், “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டுவிட்டேன். “ஜெபிக்கத்தான் வந்தேன்” என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கென்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: ஆராதனை முடிந்ததும் முதல் பத்து நிமிடம் தெரிந்தவர்களிடம் போவதில்லை. அதை நீங்களும் செய்து பாருங்கள்.

அந்த அம்மா முன்னாலேயே கிளம்பிவிடுவதால், அவர் வரும்போதே பேசிவிடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி அவர் பெயரைக் கேளுங்கள். முன்வரிசைக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போகவேண்டாம், பரிதாபமும் காட்டவேண்டாம். பர்திமேயு கண் தெரியாதவன் என்று எல்லாருக்கும் தெரியும்; அப்படியிருந்தும் இயேசு அவனிடம், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). அதேபோல நீங்களும், “பக்கத்தில் உட்காரலாமா அம்மா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் புன்னகையோடு விட்டுவிடுங்கள். அப்புறம் அடுத்த வாரம் அவர் வாசலுக்கு வரும்போது, பெயர் சொல்லி வரவேற்க நீங்கள் அங்கே இருங்கள்.