தொலைக்காட்சி விளம்பரங்கள் நம்மை எப்படி வாங்க வைக்கின்றன?

விளம்பரம் என்று தெரிந்தும் ஏன் மயங்குகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்டிக்கார விளம்பரம் பொருளைப் புகழ்வதோடு நிற்பதில்லை. நாம் கேட்கும் கேள்வியையே மாற்றிவிடுகிறது.

1980களில் நிர்மா சலவைத்தூள் மலிவு விலையால் சர்ஃபின் வாடிக்கையாளர்களை அள்ளிக்கொண்டது. அதற்குப் பதிலடியாக, சர்ஃப் விளம்பரத்துக்காக விளம்பர உலகின் அலிக் பதம்சி லலிதாஜி என்ற இல்லத்தரசியைப் படைத்தார். நடித்தவர் கவிதா சௌத்ரி. காய்கறி வாங்கும்போது கறாராகப் பேரம் பேசும் லலிதாஜி, மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்கிறார். இதையே ஒரு பணக்காரி சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. காசைக் கணக்குப் பார்ப்பவரே விலை கூடியதை வாங்குகிறார்! 'எது மலிவு?' என்ற கேள்வி 'நான் விவரமானவளா?' என்று மாறிப்போனது. இதைவிடச் சாமர்த்தியமான திருப்பத்தை நான் பார்த்ததில்லை.

பாட்டும் நட்சத்திர முகமும் பெயரை மனத்தில் பதிக்க. கடையில் அது தானாக நாவில் வந்துவிடும்.

அழகுக் கிரீம் விளம்பரங்கள்தான் மோசம். இல்லாத குறையை முதலில் நம் தலையில் கட்டிவிட்டு, பிறகு மருந்தை நீட்டுகின்றன. கறுப்பு நிறத்தைக் குறையாகக் காட்டி, ஃபேர் அண்ட் லவ்லி பல ஆண்டுகள் அப்படித்தான் விற்றது. எதிர்ப்பு வலுத்த பிறகு, 2020இல் பெயரிலிருந்த 'ஃபேர்' நீக்கப்பட்டது.