மின் இணைப்புத் துண்டிப்புக் குறுஞ்செய்தி: பணம் போனபின் செய்ய வேண்டியது

வணக்கம். "இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்ற குறுஞ்செய்தியை நம்பி, காட்பாடியிலுள்ள தங்கள் தந்தையார் அதிலிருந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன செயலியைப் பதிவிறக்கியதும் 48,000 ரூபாய் போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். திங்களன்று வங்கி திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறி வெளியே எடுக்கப்படுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு என்பதால், வங்கிச் செய்தியிலுள்ள பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ இப்போதே அழையுங்கள். வங்கியின் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கைப்பேசியின் இணையத்தைத் துண்டித்து, குறுஞ்செய்தியையும் அழைப்புப் பட்டியலையும் படமெடுத்த பிறகே அந்தச் செயலியை நீக்குங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, ஓடிபி போன்றவற்றை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பின் போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. எனவே தந்தையார் எதைச் சொன்னார், எதை அழுத்தினார் என்பது முக்கியம். அவரைத் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள். பயந்துவிட்டால் பாதியை மறைத்துவிடுவார்.

வேலூர் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். கணினி, கைப்பேசி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைத் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவு இதற்குப் பொருந்தும். வங்கி 30 நாள்களில் பதிலளிக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.