கடலடியில் ஒரு கண்ணாடிப் பார்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை பதில் சொல்கிறார்

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் கடல் பஞ்சும் ஒன்றா?
– வாசகி, காரைக்குடி

இல்லை. நம் சமையலறையில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் செய்த நுரை. குளிக்கப் பயன்படும் இயற்கைப் பஞ்சு மத்திய தரைக்கடல் போன்ற இடங்களில் எடுக்கப்படுவது. அதுவும் கடலடியில் ஒட்டி வாழும் ஒரு விலங்குதான். அந்த உயிரின் எலும்புக்கூடு மிருதுவான நார்தான். ஆழ்கடலில் வேறொரு கூட்டம் இருக்கிறது. அதற்கு எலும்பே கண்ணாடி. அதைக் கொண்டு தேய்த்தால் கைதான் கிழியும்.

ஜப்பானில் கல்யாணத்துக்குக் கடல் பஞ்சைப் பரிசாகக் கொடுப்பார்களாமே, உண்மையா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

உண்மைதான். நீங்கள் விலங்கியல் மாணவியாக இருந்தால் அதை ரெக்கார்டு நோட்டில் வரைந்தே இருப்பீர்கள். வீனஸின் பூக்கூடை என்று பெயர். மேலே சொன்ன கண்ணாடி எலும்புக் கூட்டத்தைச் சேர்ந்தது.

எங்கள் துறை அலமாரியில் ஒன்று இருந்தது. ஒரு சாண் நீளம், வெள்ளை வெளேர் என்று, மூங்கில் கூடை பின்னியது போன்ற குழல். ஒவ்வொரு வருஷமும் செய்முறை வகுப்பில் அதை எடுத்து மேஜையில் வைப்பேன். சன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே காய்ந்த இரண்டு சின்ன இறால்கள் தெரியும். ஓர் ஆண், ஒரு பெண். குஞ்சாக இருக்கும்போது பின்னலின் கண் வழியாக உள்ளே போகும். வளர்ந்த பிறகு வெளியே வர முடியாது. பொரிக்கிற குஞ்சுகள் மட்டும் வெளியேறிவிடும். சேர்ந்து மூப்படைந்து ஒரே குழியில் அடங்குவது என்ற பொருளில் ஜப்பானியர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

“சிறைதானே மேடம் இது?” என்று ஒரு மாணவி கேட்டாள். வெளியே கும்மிருட்டு, தின்ன வரும் வாய்கள். உள்ளே நாள் முழுக்கத் தண்ணீரோடு இரை. எனக்கு அது சிறையாகத் தோன்றியதில்லை. அவளுக்குத் தோன்றியதிலும் நியாயம் உண்டு.

கூடையின் அடியில் தலைமுடி போல ஒரு குஞ்சம் உண்டு, சேற்றில் ஊன்றிக்கொள்ள. கண்ணாடி இழைதான், ஆனால் வளைத்தால் உடையாது. மெல்லிய கண்ணாடிப் படலங்கள், நடுநடுவே பசை போன்ற புரதம் என்று அடுக்கடுக்காக இருப்பதால் வந்த உறுதி. உலையில்லை, நெருப்பில்லை, சில்லென்ற கடல்நீரிலேயே வார்த்த கண்ணாடி! ஒருமுறை ஆசைப்பட்டு அந்தக் குஞ்சத்தை விரலால் தடவிவிட்டேன். தூள் தூளாக ஏறிவிட்டது. குத்துவது தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்து எடுத்தேன்.

நாங்கள் பார் என்று சொல்வது கடலடியில் திட்டாக நிற்கும் கல்லும் பவளமும். பஞ்சு சேர்ந்து பார் ஆகுமா? எங்கள் ஆழ்கடல் இறால் மடியில் (இழுவலையில்) சில நேரம் வெள்ளைக் கண்ணாடி நார்க் கொத்து ஏறும். குப்பை என்று வீசிவிடுவோம்.
– விசைப்படகுத் தொழிலாளி, தூத்துக்குடி

தம்பி, இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் உட்கார்ந்தேன்.

ஆகும். கனடாவின் மேற்குக் கரையில் ஹெக்கேட் நீரிணை என்று ஒரு கடல் உண்டு. ஹைடா குவாய் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில். 1987-இல் கனடா நிலவியல் ஆய்வுத் துறையினர் ஒலி அலை அனுப்பிக் கடலடியை வரைந்துகொண்டிருந்தார்கள். சமமாக இருக்க வேண்டிய தரையில் மேடு மேடாக ஏதோ தெரிந்தது. பிறகு பார்த்தால் அத்தனையும் கண்ணாடிப் பஞ்சு கட்டிய பார். நிலவியல்காரர்களுக்கு நம்ப முடியவில்லை. ஏனென்றால் டைனோசர் காலத்தில் இப்படிப்பட்ட பார் இன்றைய ஐரோப்பா இருக்கும் பக்கத்துக் கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு நீண்டிருந்தது. தெற்கு ஜெர்மனியின் மலைகளில் அது கல்லாக நிற்கிறது. நாலு கோடி வருஷத்துக்கு முன்பே இந்த வகைப் பார் அற்றுப்போனதாகத்தான் எல்லோரும் எழுதி வைத்திருந்தார்கள்.

எப்படி உருவானது? பனியுக முடிவில் மிதந்து வந்த பனிப்பாறைகள் கடலடியை ஏர் பிடித்தது போல உழுதன. சால் ஓரங்களில் சரளைக் கல் மேடு தட்டியது. சுமார் 9,000 வருஷத்துக்கு முன் பஞ்சின் குஞ்சுகள் அந்தக் கல்லில் ஒட்டின. அவை செத்தபோது எலும்புக்கூடு சிதறவில்லை. இந்த வகைகளில் கண்ணாடி ஒன்றோடொன்று உருகி ஒட்டினது போல இணைந்திருக்கும். அந்தக் கூட்டில் அடுத்த குஞ்சு ஒட்டும். இடுக்குகளில் நீரோட்டம் கொண்டுவரும் வண்டல் அடைந்து அடித்தளமாகும். இப்படியே பாட்டி மேல் பேத்தியாக ஏறி, சில இடங்களில் எட்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது. மேலே உயிரோடு இருப்பது ஒரு மீட்டர், இரண்டு மீட்டர்தான். அதன் சந்துகளில் பாறை மீன் குஞ்சுகளும் இறாலும் நண்டும் ஒதுங்குகின்றன.

தொடர்ந்து அவரே: அங்கே மடி இழுத்தால் என்ன ஆகும்? மறுபடி முளைக்காதா?

முளைக்கும், ஆனால் நம் ஆயுசு போதாது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளர்ச்சி. மடியின் பலகையும் சங்கிலியும் போனால் உயிருள்ளது மட்டும் நொறுங்குவதில்லை, அடுத்த குஞ்சு ஒட்டவேண்டிய பழைய கூடும் சேர்ந்தே போகிறது. எனக்கு மனசு ஆறாதது இதுதான்.

அப்புறம் சேறு. மடி நேரடியாகத் தொடாத பஞ்சுக்கும் அது ஆபத்து. கண்ணாடிப் பஞ்சின் உடம்பு, அறை அறையாகத் தடுக்காமல் ஒரே கூடமாகப் போட்ட வீடு மாதிரி. உயிரணுக்கள் பெரும்பாலும் ஒன்றாகக் கலந்திருக்கும். நரம்பு கிடையாது. ஆனாலும் ஓரிடத்தில் சேறு பட்டால் ஒரு மின் துடிப்பு நொடிக்குக் கால் சென்டிமீட்டர் வேகத்தில் உடம்பெல்லாம் பரவி, தண்ணீர் இறைப்பதையே நிறுத்திவிடும். இறைப்பு நின்றால் அதற்குச் சோறும் இல்லை, மூச்சும் இல்லை. கலங்கல் அடங்கும்வரை அப்படியே காத்திருக்கும்.

கனடா 2017-இல் அந்தப் பாரைச் சுற்றி 2,410 சதுர கிலோமீட்டரைப் பாதுகாத்த கடலாக அறிவித்தது. அதற்குள் கொஞ்சம் மடிபட்டுப் போயிருந்தது. சரி, மிச்சமாவது நிற்கிறது.

உங்கள் மடியில் வந்ததைப் பார்க்காமல் நான் பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் நம் பக்கத்து ஆழத்திலும் கண்ணாடிப் பஞ்சு உண்டு. ஆங்கிலேயர் காலத்து இந்தியக் கடல் ஆய்வுக் கப்பலான ‘இன்வெஸ்டிகேட்டர்’ வங்காள விரிகுடாவிலும் அந்தமான் பக்கத்திலும் எடுத்தவற்றை ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியர் ஆராய்ந்து எழுதியது 1902-இல் கல்கத்தாவில் அச்சானது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கே தினமும் மடி இறக்குகிறவர்கள் நீங்கள், நாங்கள் அலமாரியில் பார்த்தவர்கள்.

அடுத்த முறை அந்த நார்க் கொத்து வந்தால் வீசுவதற்கு முன் எந்த இடம், எத்தனை பாகம் ஆழம், தரை சேறா கல்லா என்று ஒரு தாளில் குறித்து, செல்போனில் ஒரு படமும் எடுத்து, இந்தப் பகுதிக்கே அனுப்புங்கள். கையில் கிளவுஸ் போட்டுக்கொண்டு தொடுங்கள், தம்பி.